அம்மாவின் மணிக்கட்டும் ஜுஜுட்சுவின் முதல் பாடமும்



பத்து நாளாகப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் "சார், அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அம்மா நலமாக இருக்கிறார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோலம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டுவிட்டுப் போகிறாள். அதில் புள்ளி தப்பாக இருக்கிறது என்று தினமும் ஒரு புகார் வருகிறது. ஆகவே உடம்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நடந்தது இதுதான். முதல்நாள் இரவு மழை. காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா, படியில் பாசி வழுக்கிப் பின்பக்கமாகச் சாய்ந்தார். விழும்போது வலது கையைப் பின்னால் நீட்டித் தரையில் ஊன்றிவிட்டார். உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு மணிக்கட்டில் இறங்கியது. நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் பி.டி. மாஸ்டராகப் பிள்ளைகள் விழுவதைப் பார்த்தே பழகிய கண் இது. கை நீண்டதைப் பார்த்ததுமே எலும்பு போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எப்படி விழணும்னு சொல்லிக் கொடுத்தீங்களே. எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லித் தரல?"

வீடு வரும்வரை நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஜூடோ கற்றவர்களுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் உடற்கல்விப் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடை விடுமுறை முகாமில் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தேன். வாசல் பலகையில் ஜூடோ என்று எழுதியிருக்கும். அவர் சொல்லிக் கொடுத்தது பாதிக்கு மேல் பழைய ஜுஜுட்சு. பூட்டு, பிடி, விடுவிப்பு, தள்ளி வீழ்த்துவது என்று எல்லாம் உண்டு. முதல் நாள் பெரிய ஆசையோடு போனேன். யாரையாவது தூக்கிப் போடச் சொல்லித் தருவார் என்று நினைத்தேன். "உட்கார். பின்னால் சாய். விழு" என்றார். மறுநாளும் அதுவே. மூன்று வாரம் விழுந்துகொண்டே இருந்தோம். ஜப்பானிய மொழியில் இதற்கு 'உகெமி' என்று பெயர். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜுஜுட்சு என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. 'ஜு' என்றால் மென்மை, வளைந்து கொடுப்பது. 'ஜுட்சு' என்றால் கலை, உத்தி. ஜப்பானில் சாமுராய்கள் கவசம் போட்டுச் சண்டையிட்ட காலத்தில், வாள் கையை விட்டுப் போனால் வெறுங்கையால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து வளர்ந்தது. கவசத்தின் மேல் குத்தினால் நம் கைதான் உடையும். எனவே எதிரியின் சமநிலையைக் கெடுத்துக் கீழே தள்ளுவது, மூட்டை மடக்கிப் பிடிப்பது ஆகியவை முக்கியமாயின. 1532இல் தொடங்கிய தக்கெனொவுச்சி பள்ளி மிகப் பழையவற்றுள் ஒன்று. யோஷின் என்ற பள்ளிக்கு ஒரு கதை சொல்வார்கள். பனிக்காலத்தில் பெரிய மரங்களின் கிளைகள் பனியின் கனம் தாங்காமல் முறிந்தன. வில்லோ மரம் மட்டும் வளைந்து பனியைக் கீழே உதறிவிட்டு நிமிர்ந்ததாம். கமண்டல நாகநதியில் வெள்ளம் வரும்போது கரையோர நாணலைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. (இப்போது வெள்ளம் எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள்.)

இந்தப் பழைய கலையிலிருந்து ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. 1860இல் பிறந்தவர். சிறு வயதில் ஒல்லியான உடம்பு. பெரிய பையன்கள் படுத்திய பாட்டில் ஜுஜுட்சு கற்க வந்தார். அவருடைய முதல் ஆசிரியர் ஃபுக்குடா. ஒரு நாள் ஒரு வீச்சைப் பற்றி "கையை எப்படி வைக்க வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும்?" என்று இவர் கேட்க, பதில் சொல்லாமல் மறுபடி மறுபடி இவரையே தூக்கிப் போட்டாராம். 1882இல் தோக்கியோவில் ஒரு கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கானோ தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். கொதோகான் என்று பெயர். அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். தோக்கியோவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உயர்நிலைக் கல்லூரிக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. தாகூர் 1905லேயே ஜின்னொசுக்கே சானோ என்ற ஜப்பானியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து ஜுஜுட்சு கற்பிக்கச் செய்தார். 1929இல் தக்காகாக்கி என்ற ஜூடோ ஆசிரியர் வந்தார். அவரிடம் பெண்களும் கற்றார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் சாந்திநிகேதனில் ஜூடோ கற்றவர். நம் ஊரில் 90களில் பெண் பிள்ளைகளை ஜூடோவுக்கு அனுப்பச் சொல்லி நான் வீடு வீடாக ஏறி இறங்கினேனே, அப்போது இது எனக்குத் தெரிந்திருந்தால் நாலு பேரையாவது கூடுதலாகச் சம்மதிக்க வைத்திருப்பேன்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். இதை நேரில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதியதில்லை.

1991. அப்போது நம் மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர். மாவட்ட அளவில் ஜூடோ போட்டி வருகிறது என்று தகவல் வந்தது. கையில் ஒரு மாதம்கூட இல்லை. எனக்கோ இளம் வயது, பள்ளிக்குக் கோப்பை கொண்டுவர வேண்டும் என்ற வெறி. கோணிப்பையில் வைக்கோல் திணித்து, வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மெத்தை செய்தோம். விழும் பயிற்சிக்கு இரண்டே நாள் ஒதுக்கினேன். மூன்றாம் நாளே இடுப்பு வீச்சு, தோள் வீச்சு என்று ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடித்தது.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். நெசவாளர் வீட்டுப் பையன், நல்ல வேகம். ஒரு மாலை தோள் வீச்சில் காற்றில் போனவன் பயந்துபோய்க் கையை நீட்டித் தரையில் ஊன்றினான். விறைத்த கை வழியாக அடி மேலே ஏறிக் காறை எலும்பு முறிந்தது. அவன் கத்தக்கூட இல்லை. "சார், தப்பா விழுந்துட்டேன் சார்" என்றான். அவன் தப்பு இல்லை அது.

பள்ளி விட்டால் அவன் அப்பாவோடு தறியில் கூட உட்காருகிறவன். கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். பாவு ஏற்றி வைத்த சேலை பாதியில் நின்றது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. (சிறு பிள்ளை தறியில் உட்காரலாமா என்று இன்று கேட்பீர்கள். கூடாதுதான். அன்று ஆரணியில் பல வீடுகளில் அதுதான் நடைமுறை.)

மறுநாள் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்துத்தான் எழுந்து நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "சார், நாங்க ஒரு பையனைத் தறியில உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி, அறுந்த இழையைப் பிணைக்கத்தான் மாசக்கணக்கா கத்துக் கொடுப்போம். நீங்க எடுத்தவுடனே நாடாவைக் கையில குடுத்துட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கு ஜுஜுட்சு தெரியாது. ஆனால் என் மாஸ்டர் மூன்று வாரம் எங்களை ஏன் விழவைத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பட்டு இழை அறுந்தே தீரும். பிணைக்கத் தெரிந்தவனுக்கு அறுவதில் பயமில்லை. பயமில்லாத கை இறுக்கமில்லாமல் ஓடும். தூக்கிப் போடப்படுகிறவனும் அப்படித்தான். விழத் தெரியாதவன் விறைத்துக்கொள்வான், விறைத்தவனுக்குத்தான் அடிபடும். அதோடு விழப் பயப்படுகிறவன் எதிராளியைத் தூக்கவும் மாட்டான். தன் காலைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு குனிந்தே நிற்பான். வீச்சு வராது. விழக் கற்பதுதான் வீச்சுக்கே அடிப்படை.

போட்டிக்குப் போகவில்லை. அந்த வருடம் முழுவதும் விழுவதை மட்டுமே சொல்லிக் கொடுத்தேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் என்னை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பீர்கள் என்று தெரியும்.

மறந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பின்பக்கமாக விழும்போது முதல் வேலை தலையைக் காப்பது. தாடையை நெஞ்சோடு சேர், உன் இடுப்புக் கயிற்றைப் பார். கயிற்றைப் பார்க்கிறவன் மண்டை தரையில் படாது. அடுத்தது, முதுகைத் தொட்டில் மாதிரி வளைத்துக்கொள். நெட்டுக்குத்தாக விழாமல் உட்காருவதுபோல் தாழ்ந்து, பிட்டத்திலிருந்து முதுகுக்கு உருண்டு போ. மூன்றாவது, கை. கையைப் பின்னால் ஊன்றாதே. உடம்புக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி தரையில் அடி. அந்தச் சத்தத்தோடு மூச்சை வெளியே விடு. பக்கவாட்டு விழுதலும் இதே கணக்குத்தான், ஒரு கை மட்டும். முன்பக்கம் உருள்வதற்குக் கை, முன்கை, தோள், அங்கிருந்து முதுகில் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு. முதுகுத்தண்டின் மேல் நேராக உருளக் கூடாது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியல்தான். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோமே, ஏன்? வேகம் நிற்க எடுக்கும் நேரம் நீளும், கைக்கு அடி குறையும். விழும்போது உருள்வது நேரத்தை நீட்டுகிறது. முழுக் கையால் அடிப்பது அடியைப் பெரிய பரப்பில் பங்கிடுகிறது. அம்மா ஊன்றியது உள்ளங்கை அகலம் மட்டும். அந்த இடத்தில் எலும்பு என்ன செய்யும்?

ஜுஜுட்சுவின் மற்ற அடிப்படைகளை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தேன். எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. சமநிலை குலைப்பதை மட்டும் சொல்கிறேன். 'குசுஷி' என்பார்கள். எதிராளி திடமாக நிற்கும்போது அவரைத் தூக்க முயல்வது தூணைப் பிடுங்குவது மாதிரி. அவர் ஒரு பக்கம் சாய்ந்த நொடியில் ஒரு விரல் போதும். வேலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவரை டிரைவரின் ஒரு பிரேக் எங்கே கொண்டுபோய் விடுகிறது? கானோ இதற்கு ஒரு கணக்குச் சொல்வார். எதிராளியின் பலம் 10, என் பலம் 7 என்று வைத்துக்கொள்வோம். அவன் தள்ளும்போது நான் எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். அவன் தள்ளும் திசையிலேயே நான் விலகினால், அவன் நிலை தடுமாறி அவனிடம் மிஞ்சுவது 3 பலம். என் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியே அவனை வெல்லப் போதும்.

இந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது, கையால்தான் அறிய வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஜூடோவில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கியபோது நான் டி.வி. முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் போட்டியில் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆட்டமே தொடங்கும். எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதைச் சட்டைத் துணி வழியாகவே படிக்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் பாவின் இழுப்பு எங்கே தளர்ந்திருக்கிறது என்று விரல் நுனியால் சொல்வதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இன்னொன்றையும் விட முடியாது. தட்டுவது. மூட்டுப் பூட்டில் வலி வந்தால் எதிராளி மேலோ பாய் மேலோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய அந்த நொடியே விட்டுவிட வேண்டும். என் வகுப்பில் இதை மீறியவன் அன்று முழுக்கப் பாய் சுருட்டுவான். உங்களில் மூன்று பேர் நிறையப் பாய் சுருட்டியிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, இப்போது பெரிய பதவியில் இருக்கிறீர்கள்.

இப்போது அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நான் நேரில் பார்த்த சில இடங்களில் வரிசையாக நின்று குத்துவதும் உதைப்பதும்தான் இருந்தது. யாரும் தரையில் விழவில்லை. தள்ளிவிடப்பட்ட பெண் தலையில் அடிபடாமல் விழுந்து எழுந்து ஓடுவது முதல் தற்காப்பு என்பது என் கருத்து. இந்தப் பதிவைப் படிக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் என் மேல் கோபப்படாமல் யோசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் சில வருடம் முன்பு சென்னையிலிருந்து போன் செய்தாள். ஸ்கூட்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டிருக்கிறாள். "சார், ரோட்டுல விழுறதுக்கு முன்னாடியே தாடை தானா நெஞ்சுக்குப் போயிடுச்சு சார். பதினெட்டு வருஷம் ஆச்சு, உடம்பு மறக்கல" என்றாள். ஹெல்மெட்டும் போட்டிருந்தாள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் அந்தப் போனைப் பற்றி அன்று அம்மாவிடம் ஒரு மணி நேரம் பெருமையடித்தேன். அவர் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டார். அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அப்படி இறப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். ஜூடோ கற்கிறவர்கள் விழும் வயதும் ஊரில் மற்றவர்கள் விழும் வயதும் வேறு. நான் பாய் விரித்ததெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. விழுந்தால் எலும்பு தானாகக் கூடிவிடும் வயது அது. வீட்டில் அறுபதைத் தாண்டியவர் ஈரப் படியில் தினமும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். நெதர்லாந்தில் முதியவர்களுக்கு விழுவதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள் என்று படித்துவிட்டு, அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கெல்லாம் அனுப்பியவனும் நான்தான்.

அம்மா என்னிடம் கற்கக் கேட்டதே இல்லையா என்றால், கேட்டார். 90களில் பெண் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தபோது மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பார். ஒரு நாள், "நானும் ஒரு தடவை உருண்டு பார்க்கட்டுமா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "புடவையோடயா?" என்று கேட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. ஆட்டோவில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருக்கக் காரணம், எனக்கு இது நினைவுக்கு வந்துவிட்டதுதான். அவருக்கும் நினைவிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். கட்டு பிரித்து, எலும்பின் வலு பார்த்து, அவர் சரி என்ற பிறகுதான் எதுவும். இந்த வயதில் தடாலென்று விழுந்து பழக முடியாது. கட்டிலின் மேல் படுத்தபடி தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, உட்கார்ந்த நிலையிலிருந்து பக்கவாட்டில் மெத்தையில் சாய்வது, தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைக் காலில் சுவரைத் தொட்டபடி நிற்பது, இவ்வளவுதான் முதல் சில மாதம். படியில் பாசியைச் சுரண்டி, பிடித்துக்கொள்ள ஒரு பைப்பும் பொருத்தியாகிவிட்டது. அதை முப்பது வருடம் முன்பே செய்திருக்கலாம், அதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை.

நேற்று அந்தக் காறை எலும்புப் பையன் வந்திருந்தான். பையன் என்ன, தலை நரைத்துவிட்டது. தறியை விட்டுப் பல வருடம் ஆகிறது, இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அம்மாவுக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தான். நான் இந்த யோசனையைச் சொன்னதும், தெருவில் இன்னும் நாலைந்து வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றான். என் முழங்கால் இப்போது உட்கார்ந்து எழ ஒத்துழைப்பதில்லை. செய்து காட்ட ஆள் வேண்டும் என்றேன்.

"நான் செஞ்சு காட்டுறேன் சார். ஆனா மெத்தை எங்க?" என்றான்.

அம்மா உள்ளேயிருந்து, "வைக்கோல் வேண்டாம்ப்பா, அரிக்கும். மாடியில பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு கிடக்கு. வெயில்ல போட்டுட்டுப் போ" என்றார்.

போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.